ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்? கவுண்டரில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., எக்கோ, ஸ்கேன் எல்லாம் ஒரே இடத்தில் எடுக்கும் மையம் ஒன்றில், ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. கவரை வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்துப் படித்துவிட்டு, முகம் வாடித் திரும்பி வருவார்கள். கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். ரிப்போர்ட் என்பது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் சுருக்கக் குறிப்பு. அதை நம் தெருவில் புழங்கும் அர்த்தத்தில் படித்தால் பயம்தான் வரும். இங்கே வார்த்தைகளுக்கு மட்டும் அர்த்தம் சொல்கிறேன். உங்களுக்கு என்ன வைத்தியம் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"சில நம்பர் மட்டும் தடிச்ச எழுத்துல இருக்கே, அதெல்லாம் நோயா?"

இல்லை. பக்கத்துக் கட்டத்தில் 'ரெஃபரன்ஸ் ரேஞ்ச்' என்று இரண்டு எண்கள் இருக்கும். ஆரோக்கியமான பலரின் ரத்தத்தைப் பார்த்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை எல்லையாக வைப்பது வழக்கம். அப்படியென்றால் நோயே இல்லாதவர்களிலும் 100க்கு 5 பேர் எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். எல்லை தாண்டிய எண்ணைக் கம்ப்யூட்டர் தானாகவே தடிமனாக்கி 'ஹெச்' அல்லது 'எல்' போட்டுவிடும். கூடுதல், குறைவு என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

மாஸ்டர் செக்கப் எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் எடுத்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் ஒன்றாவது எல்லை தாண்டும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். தடித்த எழுத்தே இல்லாத ரிப்போர்ட்தான் அபூர்வம். சுகருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. நோய் வரும் ஆபத்து எங்கே ஏறுகிறது என்று பார்த்து அவற்றுக்கு எல்லை போட்டிருக்கிறார்கள்.

"நெகட்டிவ்னு போட்டிருக்கு சார். ஏதும் கெட்டதா?"

தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். மஞ்சள் காமாலைக் கிருமியைத் தேடி அது இல்லையென்றால் நெகட்டிவ். 'நான் ரியாக்டிவ்', 'நில்', 'என்.ஏ.டி.' எல்லாம் அதே குடும்பம்தான். 'அன்ரிமார்க்கபிள்' என்று ஸ்கேனில் வந்தால், குறிப்பிட்டுச் சொல்ல எதுவும் இல்லை, அதாவது நன்றாக இருக்கிறது.

ரத்த வகையில் வரும் நெகட்டிவ் வேறு. ஓ நெகட்டிவ், பி நெகட்டிவ் என்பதெல்லாம் பிறவியிலேயே அமைந்த வகை, அவ்வளவுதான். கர்ப்பிணிக்கு நெகட்டிவ் வகையாகவும் கணவருக்குப் பாசிட்டிவ் வகையாகவும் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 28ஆவது வாரத்தை ஒட்டியும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் வகை என்றால் 72 மணி நேரத்துக்குள்ளும் 'ஆன்டி டி' என்ற ஊசி போடுவார்கள்.

"சீட்டுல பிபி பார்க்கணும்னு இருக்கு. நீங்க பட்டை கட்டாம ஊசி குத்துறீங்க?"

தமிழில் சொன்னால் இரண்டும் 'பிபி'தான், குழப்பம் வராமல் என்ன செய்யும்! கையில் பட்டை கட்டிப் பார்ப்பது ரத்த அழுத்தம். ஊசி குத்துவது 'போஸ்ட் பிராண்டியல்', சாப்பிட்ட பிறகு எடுக்கும் சுகர். சீட்டில் பாஸ்டிங்கோடு சேர்த்து எழுதியிருந்தால் அது சுகர்.

பாஸ்டிங் என்றால் குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், சர்க்கரை போடாத காபிகூடக் கூடாது. சாப்பிட்ட பிறகு 2 மணி நேரம் என்பதை, முதல் வாய் இட்லி உள்ளே போன நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள். நிறையப் பேர் கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். நடுவில் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்து உட்காருபவர்களும் உண்டு. வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாலும் ரத்தத்தில் தெரிந்துவிடும் அண்ணே.

"மூணு மாச சுகர்னா என்ன? நேத்துலேர்ந்து பத்தியம் இருந்தா குறையாதா?"

குறையாது, அதற்காகத்தான் அந்தப் பரிசோதனையே. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அந்த நாள் முழுக்க ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் 'ஹெச்பிஏ1சி'. 5.7க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் விளிம்பு, 6.5உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 7 என்றால் சராசரி சுகர் 154 என்று வைத்துக்கொள்ளலாம்.

சிவப்பணுவே சரியில்லாவிட்டால் இந்தக் கணக்கும் சரியாக வராது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் எண் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் நிறைய இழந்தவருக்குக் குறைவாகக் காட்டலாம். வீட்டு மெஷினில் சுகர் 200ஐத் தாண்டி வருகிறது, மூன்று மாத சுகர் மட்டும் அழகாக 6 என்றால், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று டாக்டர் பார்ப்பது இதனால்தான்.

"சிங்கப்பூர்ல எடுத்த ரிப்போர்ட்ல பாஸ்டிங் சுகர் வெறும் 7. இங்க வந்து எடுத்தா 126ங்கிறீங்க?"

இரண்டும் ஒரே அளவு. நம் ஊரில் மில்லிகிராம் கணக்கு. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து ரிப்போர்ட்டுகளில் 'மில்லிமோல்' கணக்கு. அங்குள்ள சுகர் எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் ஊர் எண் வந்துவிடும். 7 என்று சந்தோஷப்பட வேண்டாம், வெறும் வயிற்றில் 126 என்பது சர்க்கரை நோய்க்கான எல்லை. அதே மாதிரி, கிட்னிக்காகப் பார்க்கும் கிரியாட்டினின் 88 ('மைக்ரோமோல்' கணக்கு) என்று அங்கிருந்து வந்தால் அலற வேண்டாம், அது இங்கே 1தான். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் போனில் சொல்லாதீர்கள்.

"மாத்திரைச் சீட்டுல எஸ்ஓஎஸ்னு இருக்கு. அவ்வளவு ஆபத்தான நிலையா?"

கப்பல் முழுகும்போது அனுப்பும் எஸ்ஓஎஸ் இல்லை இது. 'தேவைப்பட்டால் மட்டும்' என்று அர்த்தம். காய்ச்சல் மாத்திரைக்குப் பக்கத்தில் இருந்தால், காய்ச்சல் இருக்கும்போது போடுங்கள், இல்லாதபோது வேண்டாம். மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்: 'ஓடி' நாளுக்கு ஒரு தடவை, 'பிடி' இரண்டு, 'டிடிஎஸ்' மூன்று, 'ஹெச்எஸ்' படுக்கப் போகும்போது, 'ஸ்டாட்' உடனே. 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று.

பாராசிட்டமாலை எஸ்ஓஎஸ் என்று எழுதியிருந்தால் ஒரு எச்சரிக்கை. சளி, தலைவலிக்கென்று கடையில் வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதே மருந்து இருக்கிறது. பெயர் வேறு, மருந்து ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டினால் ஈரலுக்குக் கேடு. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

"கண் டாக்டர் சீட்டுலயும் ஓடி இருக்கு. சொட்டு மருந்து ஒரு தடவைதானா?"

கண் சீட்டில் 'ஓடி' என்றால் வலது கண். 'ஓஎஸ்' இடது கண், 'ஓயு' இரண்டும். ஒரே சுருக்கத்துக்கு இரண்டு அர்த்தம் வைத்த புண்ணியவான் யாரோ! எத்தனை தடவை என்பது தனியாக எழுதியிருக்கும். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையிலேயே கேட்டு, பாட்டில் மேல் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"கிரானிக்னு எழுதியிருக்காங்க. ரொம்ப முத்திப்போச்சா?"

'அக்யூட்', 'கிரானிக்' இரண்டும் காலத்தைச் சொல்கின்றன. திடீரென்று வந்தது அக்யூட், நாள்பட்டது கிரானிக். எவ்வளவு கடுமை என்பதற்கு 'மைல்ட்', 'மாடரேட்', 'சிவியர்' என்று தனிச் சொற்கள் இருக்கின்றன. பத்து வருடமாக இருக்கும் லேசான மூக்கடைப்பும் கிரானிக்தான். இன்று காலையில் வந்த மாரடைப்பு அக்யூட். எது ஆபத்து என்று நானே சொல்ல வேண்டியதில்லை.

"இ.சி.ஜி.யில சைனஸ்னு இருக்கு. மூக்குல இருந்த சைனஸ் நெஞ்சுக்கு இறங்கிடுச்சா?"

இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. 'நார்மல் சைனஸ் ரிதம்' என்பது இ.சி.ஜி.யில் வரக்கூடிய ஆக நல்ல வாக்கியம். இதயத்தின் மேல் வலது அறையில் 'சைனஸ் நோட்' என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. துடிப்பைத் தொடங்கி வைப்பது அது. துடிப்பு அங்கிருந்து ஒழுங்காகக் கிளம்புகிறது என்று எழுதியிருக்கிறார்கள். மூக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

'சைனஸ் டேக்கிகார்டியா' என்றால் அதே இடத்திலிருந்து நிமிடத்துக்கு 100க்கு மேல் துடிக்கிறது. காய்ச்சல், சோகை, தைராய்டு என்று பல காரணம் இருக்கலாம். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கும்போதே படுத்தாலும் வரும். 'சைனஸ் பிராடிகார்டியா' 60க்குக் கீழே. விளையாட்டு வீரர்களுக்கு அது சாதாரணம்.

"ஆர்பிபிபி, பிளாக்னு வந்திருக்கு. ஸ்டென்ட் வைக்கணுமா?"

இதயத்தில் தண்ணீர்க் குழாயும் இருக்கிறது, கரண்ட் ஒயரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைப்பது ரத்தக் குழாய் அடைப்புக்கு. அதை ஆஞ்சியோவில் பார்ப்பார்கள். 'பண்டில் பிராஞ்ச் பிளாக்' என்பது ஒயர் பக்கத்துச் சமாச்சாரம். ஆர்பிபிபி என்றால் வலது பக்கக் கிளையில் மின்துடிப்பு கொஞ்சம் தாமதமாகப் போகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் அது இருக்கும். இடது பக்கம் 'எல்பிபிபி' என்று வந்தால், அதிலும் புதிதாக வந்தது என்றால், டாக்டர் கூடுதலாக விசாரிப்பார். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு எந்த வார்த்தையாக இருந்தாலும் கேள்வி பதில் படித்துக்கொண்டிருக்கக் கூடாது; நேரே ஆஸ்பத்திரி, இல்லையென்றால் 108.

"எக்கோவுல ஈஎஃப் 60 சதவீதம். மீதி 40 போயிடுச்சா?"

போகவில்லை. இது பரீட்சை மார்க் இல்லை. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் 'எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்'. 120 மில்லி நிரம்பி 72 மில்லி வெளியே போனால் 60 சதவீதம். யாருடைய இதயமும் முழுவதையும் வெளியேற்றாது. 55 முதல் 70 வரை நல்ல அளவு. 40க்கு வந்துவிட்டால் பம்ப் பலவீனம் என்பார்கள்.

அதே ரிப்போர்ட்டில் 'டிரிவியல் டிஆர்' என்று இருந்தால், வால்வில் துளியூண்டு ரத்தம் பின்னால் வருகிறது, பொருட்படுத்த வேண்டாம் என்று அர்த்தம். நல்ல இதயங்களிலும் சகஜமாகப் பார்ப்பது அது.

"சீட்டுல கேள்விக்குறி போட்டு 'கோக்ஸ்'னு எழுதியிருக்கு. அது என்ன?"

காசநோய். அந்தக் கிருமியை 1882இல் அறிவித்த ராபர்ட் கோக்கின் பெயரை வைத்து டாக்டர்கள் அப்படி எழுதுவது வழக்கம். அதே போல 'ஹேன்சன்ஸ்' என்றால் தொழுநோய். கூட வந்தவர்கள் சீட்டைப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடக் கூடாதே என்பதும் இப்படிப் பெயர் மாற்றி எழுதுவதற்கு ஒரு காரணம்.

ஆனால் இங்கே முக்கியம் அந்தக் கேள்விக்குறி. 'இருக்குமோ, பார்த்துச் சொல்லுங்கள்' என்று லேபுக்குக் கேட்கிறார் டாக்டர். 'ரூல் அவுட்' என்பதும் அப்படித்தான், இல்லை என்று உறுதி செய்யுங்கள் என்று பொருள். 'கே/சி/ஓ' என்று இருந்தால்தான் ஏற்கெனவே உறுதியான நோய். உதாரணமாக 'கே/சி/ஓ எஸ்ஹெச்டிஎன்' என்றால் பிரஷர் உள்ளவர் என்று பொருள்.

"ஸ்கேன்ல கடைசி வரி 'கிளினிக்கல் கோரிலேஷன்'. என்னத்தையோ மறைக்கிறாங்களா?"

மறைக்கவில்லை. ஸ்கேன் படிக்கும் டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்க்கவில்லை, படத்தை மட்டும் பார்த்தார். 'படத்தில் இது தெரிகிறது, ஆளைப் பார்க்கும் டாக்டர் பொருத்திப் பார்த்துக்கொள்ளட்டும்' என்கிறார். முதுகு எம்.ஆர்.ஐ.யில் 'டிஸ்க் பல்ஜ்' என்று வருவதைப் பாருங்கள். முதுகுவலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் நிறையப் பேருக்கு அது இருக்கும். படத்தில் இருப்பதும் வலிக்குக் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

"கல்யாணமாகி நாலு வாரம்தான். ஸ்கேன்ல ஆறு வாரக் கர்ப்பம்னு போட்டிருக்கே?"

இதை மெதுவாக, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சில வீடுகளில் மாமியார் சத்தமாகவே கேட்பார். கணக்கு சரிதான். கர்ப்ப வாரத்தைக் கரு தரித்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு தரித்த நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, விலக்கான தேதி தெரியும் என்பதால் வந்த ஏற்பாடு இது.

ஜனவரி 10 விலக்கு, 24 கல்யாணம், பிப்ரவரி 21 ஸ்கேன் என்று வையுங்கள். கல்யாணத்திலிருந்து 28 நாள். விலக்கிலிருந்து 42 நாள், அதாவது 6 வாரம். முதல் இரண்டு வாரம் கர்ப்பமே இல்லாத வாரங்கள், ஆனாலும் கணக்கில் சேரும். எல்லாருக்கும் அப்படித்தான். பிரசவத் தேதி வரும் 40 வாரமும் இந்தக் கணக்குதான். அடுத்தடுத்த ஸ்கேனில் தேதி சில நாள் முன்பின் வந்தால் குழம்ப வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் சொல்வதுதான் அதிகம் நம்பகமானது.

"அதே ஸ்கேன்ல 'லிக்கர் அடிக்குவேட்'னு இருக்கு! என் பொண்ணு அதெல்லாம் தொடமாட்டா."

தெரியும் அம்மா. 'லிக்கர்' என்றால் இங்கே பனிக்குட நீர். 'அடிக்குவேட்' என்றால் போதுமான அளவு. சந்தோஷமான செய்தி.

"ஜி2 ஏ1னு இருக்கு. 'ஏ'ன்னா அபார்ஷனாம். நாங்க கலைக்கவே இல்லையே?"

'ஜி' எத்தனையாவது கர்ப்பம், 'பி' எத்தனை பிரசவம், 'எல்' உயிரோடிருக்கும் குழந்தைகள், 'ஏ' அபார்ஷன். மருத்துவத்தில் தானாகக் கலைந்ததற்கும் அபார்ஷன் என்றுதான் பெயர். யாரும் கலைத்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. போன வருடம் இரண்டு மாதத்தில் தானாகக் கலைந்தது என்று டாக்டரிடம் சொல்லியிருப்பீர்கள், அதுதான் அந்த ஏ1. 'மிஸ்டு அபார்ஷன்' என்றால் கருவின் துடிப்பு நின்றுவிட்டது, இன்னும் வெளியேறவில்லை. இந்த ஒரு சொல்லால் புகுந்த வீட்டில் பழி சுமந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டை யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதுபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

"ஒருத்தருக்கு ஃபேட்டி லிவர் கிரேடு 2, இன்னொருத்தருக்குக் கேன்சர் ஸ்டேஜ் 2. ரெண்டும் ஒண்ணா?"

சம்பந்தமே இல்லை. ஈரலில் கிரேடு என்பது ஸ்கேனில் எவ்வளவு கொழுப்பு தெரிகிறது என்பது. 1, 2, 3 என்று போகும். உடம்பைக் குறைப்பதும் சுகரைக் கட்டுக்குள் வைப்பதும் அதைக் குறைக்கும். புற்றுநோயில் ஸ்டேஜ் என்பது எவ்வளவு பரவியிருக்கிறது என்பது. புற்றுநோய் ரிப்போர்ட்டிலும் கிரேடு வரும். அது மைக்ராஸ்கோப்பில் செல் எந்த அளவுக்கு மாறியிருக்கிறது என்பது. மார்பக ஸ்கேனில் வரும் 'பைராட்ஸ் 2' இன்னொரு வரிசை. அதில் 2 என்றால் சாதுவான கட்டி, பயமில்லை. 4, 5 என்றால்தான் சதை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

"எனக்கும் என் பேரனுக்கும் கிரியாட்டினின் 1.3. அவனை விட்டுட்டு என்னை மட்டும் கிட்னி டாக்டரைப் பார்க்கச் சொல்றாங்களே?"

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகமுள்ள வாலிபனுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகத்தை 'இஜிஎஃப்ஆர்' என்று கணக்குப் போடுகிறார்கள். 25 வயதுப் பையனுக்கு 1.3 என்றால் அது சுமார் 78 வரும். 70 வயதுப் பாட்டிக்கு அதே 1.3 என்றால் சுமார் 44. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். இந்த 'நாள்பட்ட'தான் முன்னால் சொன்ன கிரானிக்.

"விடால் பாசிட்டிவ். அப்ப டைபாய்டுதானே?"

கட்டாயம் இல்லை. நெகட்டிவ் பற்றி மேலே சொன்னதன் மறுபக்கம் இது. விடால் தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருளை. எப்போதோ வந்துபோன டைபாய்டு, தடுப்பூசி, வேறு காய்ச்சல் எதுவாக இருந்தாலும் பாசிட்டிவ் காட்டலாம். கிருமியையே வளர்த்துப் பார்ப்பது 'பிளட் கல்ச்சர்'. ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் ரத்தம் கொடுத்தால் நல்லது.

டெங்குவில் இதற்கு நேர்மாறு. 'என்எஸ்1' தேடுவது டெங்கு கிருமியின் புரதத்தையே; காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் நன்றாகத் தெரியும். ஏழாம் நாள் எடுத்து நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அப்போது 'ஐஜிஎம்' என்ற எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் எத்தனாவது நாள் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்த கட்டியோட ரிப்போர்ட்ல ஒரு இடத்துல மேலிக்னன்ட், ஒரு இடத்துல நெகட்டிவ். எதை நம்புறது?"

இரண்டும் உண்மை, இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில். 'மேலிக்னன்ட்' என்றால் கட்டி புற்றுநோய் வகை. 'பெனைன்' என்றால் சாதுவானது. 'மார்ஜின் நெகட்டிவ்' என்றால் வெட்டி எடுத்த சதையின் ஓரத்தில் புற்றுச் செல் இல்லை, கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையோடு எடுத்திருக்கிறார்கள். 'நோட் 0/12' என்றால் 12 நெறிக்கட்டிகளை எடுத்துப் பார்த்ததில் ஒன்றில்கூடப் பரவவில்லை. மார்பகக் கட்டி என்றால் 'ஈஆர் பாசிட்டிவ்' என்றும் ஒரு வரி வரும். ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை அந்தக் கட்டிக்கு வேலை செய்யும் என்பதற்கான அடையாளம் அது. அந்த இடத்தில் பாசிட்டிவ் வருவது நல்லது.

இந்த ரிப்போர்ட்டை மட்டும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி அர்த்தம் கேட்க வேண்டாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: என்ன வகை, எந்த ஸ்டேஜ், ஓரம் சுத்தமா.